நூற்றுக்குப் பத்து

செப்புக் காசைத் தலைகீழாகச் செருகிப் பார்த்தேன்,
டயரின் பள்ளத்தில்.
காசிலிருந்தவரின் நெற்றி, முடி, உச்சந்தலை
எல்லாமே வெளியே தெரிந்தது.
மொட்டை.
மொன்டானாவில் அக்டோபர் முடிய ஒன்பது நாள்.

கடையில் டெல்மர்
கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"எங்க ஓட்டுவீங்க?"
எல்லோரும் பொய் சொல்லும் கேள்வி அது, என்றும் சொன்னார்.
காப்பீட்டு ஆபீஸ் குமாஸ்தாகூட
மலையுச்சி, ஆற்றுப்படுகை என்பாராம்.
சேற்றைக் கடிக்கும் டயரைப் பூட்டிக்கொண்டு
வழியெல்லாம் வண்டு இரைய
ஆபீஸ் வாசலில் போய் நிறுத்துவாராம்.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
உள்ளே இருப்பதை உள்ளபடி காட்டுவது தொழில்.
கணக்குச் சொன்னேன்:
மருத்துவமனைக்கு முப்பத்தோரு மைல், தார்.
திரும்பி வர முப்பத்தோரு மைல், அதே தார்.
வாரம் ஐந்து நாள்.
மளிகை, அஞ்சலகம், பல் மருத்துவர், தார்.

"மீதி?"

மீதி வெள்ளிக்கிழமை.
கொண்டுபோய் விட ஒன்பது மைல்,
ஞாயிறு கூட்டிவர இன்னொரு ஒன்பது.
ஏழு சரளை. கடைசி இரண்டு களிமண்.
மழை விழுந்தால் அந்த மண்
சக்கரத்தோடு சுற்றிச் சுற்றி ஏறி
மட்கார்டை அடைக்கும்.
இறங்கி நடந்தால் பூட்ஸை வாங்கி வைத்துக்கொள்ளும்.

"நூத்துக்குப் பத்து," என்றார் டெல்மர்.
"அந்தக் கடைசியில என்ன இருக்கு?"
"என் மகனோட அப்பா."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை.
மூன்று டயர்களை உருட்டி வந்து
சுவரில் சாய்த்தார், அடையாள அணிவகுப்புபோல.

முதலாவது நெடுஞ்சாலைக்கானது. சத்தமே போடாது.
நான்கும் சேர்த்து இருநூறு டாலர் மிச்சம்.
மூன்றாவது, பெட்ரோலைக் குடிக்கும் முரடு.
"சேத்துல ராஜா. பனிக்கட்டியில கைக்குழந்தை."
நடுவிலிருந்ததைக் குனிந்து காட்டினார்.
பட்டனுக்குப் பட்டன்
பிளேடால் கிழித்ததுபோல் மெல்லிய கோடுகள்.
"கனம் இல்லீங்க பிடிக்கிறது,
இந்தக் கீறல்தான்."

என் கை முதலாவதன் மேல் இருந்தது.

விலை மட்டுமா.
அந்த டயர் இருந்தால்
'ரோடு மோசம், இந்த வாரம் முடியாது' என்று
டுவைட்டுக்கு நான்கு சொல் அனுப்பிவிட்டு
அடுப்பை மூட்டலாம்.
ஏப்ரலில் ஒருமுறை அனுப்பினேன்.
ரோடு அப்படியொன்றும் மோசமில்லை.
பையைத் தோளில் மாட்டி, ஷூ போட்டு
வாசலில் உட்கார்ந்திருந்த கோல்பி
ஒன்றும் சொல்லவில்லை.
ஒவ்வொரு கண்ணியாக நாடாவை அவிழ்த்தான்.
அவ்வளவு மெதுவாக
யாரும் ஷூ கழற்றி நான் பார்த்ததில்லை.

"உத்தரவாதம் எவ்வளவு?"
"நடுவுலதுக்கு ஐம்பத்தஞ்சாயிரம் மைல்."

வாரத்துக்கு முந்நூற்றைம்பது.
டெல்மரின் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில்
வகுத்துப் பார்த்தேன்: மூன்று வருடம்.
கோல்பிக்குப் பதின்மூன்று.
இது தேய்வதற்குள் அவனே சாவி கேட்பான்.
களிமண்ணில் எப்போது காலெடுக்கணும்,
எப்போது எடுக்கவே கூடாது என்று
பக்கத்து இருக்கையில்
நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.
அதன் பிறகு
பக்கத்து இருக்கையும் காலி.

"நடுவுலது," என்றேன்.
"சத்தம் கொஞ்சம் வரும்," என்றார், மன்னிப்பு கேட்பதுபோல.

வந்தது.
அறுபதைத் தொட்டதும் தரைக்கடியில் யாரோ
வாய்மூடி முனகுவதுபோல ஒன்று.
ரேடியோவைக் கூட்டினேன்; பிறகு
அணைத்துவிட்டு அதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

வெள்ளி மாலை.
பையைப் பின்னால் எறிந்துவிட்டுக்
குந்தி உட்கார்ந்துகொண்டான் கோல்பி.
புது டயரில் முளைத்திருக்கும் ரப்பர் முடிகளை
ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.
மேற்கே மேகம் தாழ்ந்திருந்தது.

"நேரமாச்சு. ஏறு."

"இரு, இன்னும் ஒரு டயர் பாக்கி."